பிள்ளை பெற்றவளுக்கு என்ன கொடுக்கலாம்? கேரியர் சாப்பாடு முதல் ஆயா சம்பளம் வரை ஓர் ஒப்பீடு

பிள்ளை பார்க்கப் போகிறவர்களின் கையில் இருப்பது பெரும்பாலும் பிள்ளைக்கான சாமான்தான். ஜீரோ சைஸ் சட்டை, சோப்பும் பவுடரும் எண்ணெயும் அடங்கிய டப்பா, கிலுகிலுப்பை, கொசுவலைப் படுக்கை. இரண்டு மாதத்தில் அந்தச் சட்டைகள் பத்தாமல் போகும். பவுடரின் நுண்தூள் மூச்சுக்குள் போகும் என்பதால் குழந்தை மருத்துவர்கள் அதை வேண்டாம் என்கிறார்கள். தமிழக அரசு 2015இல் தொடங்கிய குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தில் 16 பொருள்கள் இருந்தன. அவற்றிலும் தாய்க்கென்று இருந்தவை குளியல் சோப்பு, சுண்டி லேகியம் எனச் சொற்பமே.

கட்டிலில் இருப்பவளின் கணக்கு வேறு. கருப்பை பழைய அளவுக்குச் சுருங்க ஆறு வாரம் ஆகும். உதிரப்போக்கு நான்கிலிருந்து ஆறு வாரம் வரை இருக்கும். ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் கொடுக்க வேண்டும், அதில் பாதி இரவில். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, பாலூட்டும் முதல் ஆறு மாதங்களில் வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் தினம் 600 கலோரியும் சுமார் 17 கிராம் புரதமும் தேவை. இவ்வளவையும் சுமப்பவளுக்கு ஒரு பொருளைக் கொடுக்குமுன் இரண்டு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். இது வீட்டுக்குள் வந்தால் யாருடைய வேலை குறையும்? இது அவள் கைக்குப் போய்ச் சேருமா? கீழே வரும் ஒவ்வொன்றையும் இந்த இரண்டு கேள்விகளை வைத்தே பார்த்திருக்கிறோம்.

சமைத்த சாப்பாடா, லேகியமா?

எங்கள் முதல் ஓட்டு கேரியர் சாப்பாட்டுக்கு. பிள்ளை பிறந்த முதல் ஐந்து நாள் வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக ஊர் திரும்ப, சமையல், பத்தியம், துணி, பிள்ளை எல்லாம் ஒரு பாட்டியின் தலையில் விழும். ஐந்தாம் நாளுக்கும் நாற்பதாம் நாளுக்கும் நடுவே மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது அந்த வீட்டையே தாங்கிப் பிடிக்கும் உதவி.

நான்கடுக்குக் கேரியரில் குழைய வடித்த சாதம், பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை போட்ட பருப்பு, சுரைக்காய்க் கூட்டு வைக்கலாம். தனிப் பாத்திரத்தில் மிளகு ரசம், சிறு கிண்ணத்தில் நெய், அவித்த முட்டை இரண்டு. அசைவ வீடென்றால் நாட்டுக்கோழிச் சாறு, நெத்திலி அல்லது மத்திக் குழம்பு. பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டு பரம்பரையான உணவு. ஆனால் சுறா இனங்களின் உடலில் பாதரசம் கூடுதலாகச் சேர்கிறது. பாலூட்டும் தாய்மார் தவிர்க்க வேண்டிய மீன்களின் பட்டியலில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சுறாவையும் வைத்திருக்கிறது. புட்டு ஆசைக்கு, முள் நீக்கிய வேறு மீனை மஞ்சள் போட்டு ஆவியில் வேகவைத்து உதிர்த்து, நிறையச் சின்ன வெங்காயமும் பூண்டும் மிளகும் போட்டு வதக்கினாலும் அதே பக்குவம் வரும்.

பூண்டும் கீரையும் பால் சுரக்க வைக்கும் என்று சொல்வோம். பால் கூடுவது முக்கியமாகப் பிள்ளை சப்பிக் குடிப்பதாலும் மார்பு அடிக்கடி காலியாவதாலும்தான். அந்த வேலைக்கு உடம்பு ஈடுகொடுக்கத்தான் சாப்பாடு. அதனால் காயைக் குறைத்துப் பூண்டை மட்டும் ஏற்றுவதில் பயனில்லை. பிரசவத்துக்குப் பின் இரும்புச்சத்து மாத்திரை ஆறு மாதம் தொடர வேண்டும். அதுவே மலச்சிக்கலைக் கொண்டுவரும், தையல் போட்ட உடம்புக்கு முக்குவது நரகம். 'பச்சை உடம்புக்கு ஆகாது' என்று பழமும் காயும் நிறுத்தப்படும் வீடுகளுக்கு வாழைத்தண்டுப் பொரியல், ஊறவைத்த உலர்திராட்சை, அத்திப்பழம் என்று பாட்டி மறுக்க முடியாத வடிவில் நார்ச்சத்தை அனுப்புங்கள். போனில் முதலிலேயே "பத்தியம் என்னங்கம்மா?" என்று பாட்டியிடமே கேட்டுவிடுவது நல்லது. சாப்பாட்டை வைத்து அந்த வீட்டில் சண்டை வந்தால் அதன் பாரமும் பெற்றவள் மேல்தான் விழும்.

இதில் சொதப்பும் இடங்கள் மூன்று. முதலாவது, ஒரே நாளில் நான்கு வீட்டிலிருந்து சாப்பாடு வருவது. சொந்தத்தில் ஒருவர் பட்டியல் வைத்துக்கொண்டு, யாருக்கு எந்தக் கிழமை என்று பிரித்துவிட வேண்டும். வாரத்துக்கு மூன்று மதியம் போதும். இரண்டாவது, நேரம். பாலூட்டுகிறவளுக்குப் பதினொன்றரைக்கே பசிக்கும், ஒன்றரைக்கு வரும் விருந்து உதவாது. வெயில் காலத்தில் தேங்காய்ச் சட்னி, தயிர் சாதம் வேண்டாம். சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடும்படி கொண்டுபோங்கள். மூன்றாவது, பாத்திரம். நம் வீடுகளில் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தர மாட்டார்கள். விளக்கி, கொஞ்சம் சர்க்கரையோ பழமோ போட்டுத்தான் தருவார்கள். அந்த வேலையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வருகிறோம். அடுத்த கேரியரைக் கொடுக்கும்போது பழையதை விளக்காமலே வாங்கி வந்துவிடுங்கள், அல்லது திருப்பத் தேவையில்லாத டப்பாவில் கொடுங்கள்.

லேகியத்தின் நிலை வேறு. அது எளிதில் கெடாது, தூரத்திலிருந்தும் அனுப்பலாம், விலையும் கையைக் கடிக்காது. ஆனால் பெரியவர்கள் உள்ள வீட்டில் ஏற்கெனவே இரண்டு பாட்டில் இருக்கும். மாமியாரும் அம்மாவும் இல்லாத வீட்டுக்கும், வெளிநாட்டில் தனியாகப் பிள்ளை பெற்றவளுக்கும்தான் அது உயர்ந்த பரிசு. நெய் சேர்ந்த பொருளை உள்ளே விடாத நாடுகள் உண்டு, அனுப்புமுன் விசாரியுங்கள்.

வீட்டில் கிண்டுவதானால் நாட்டு மருந்துக் கடையில் பிரசவ மருந்து சாமான் என்று கேட்டால் கட்டிக் கொடுப்பார்கள். தனித்தனியாக வாங்கினால் சுக்கு 50 கிராம், ஓமம், சீரகம், தனியா தலா 25 கிராம், மிளகு, திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை தலா 10 கிராம். வெல்லம் 330 கிராம், நெய் 100 மில்லி, நல்லெண்ணெய் 75 மில்லி. சுக்கையும் சித்தரத்தையையும் முதலில் இடித்துவிட்டு, எல்லாவற்றையும் இளஞ்சூட்டில் வறுத்து அரைத்து, மெல்லிய துணியில் சலியுங்கள். சலிக்காவிட்டால் திப்பிலித் திப்பி தொண்டையில் அறுக்கும், அவள் இரண்டாம் நாளே நிறுத்திவிடுவாள். வெல்லத்தைக் கரைத்து மண் போக வடிகட்டிக் கொதிக்கவைத்து, அடுப்பைத் தணித்த பிறகே பொடியைத் தூவிக் கிளற வேண்டும். கொதிக்கும் பாகில் கொட்டினால் கட்டி தட்டிவிடும், பிறகு கரையவே கரையாது. நல்லெண்ணெயையும் நெய்யையும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கொண்டே கிளறி, வாணலியில் ஒட்டாமல் சுருண்டு ஓரத்தில் நெய் கக்கும்போது இறக்குங்கள். முன்னாலேயே இறக்கினால் பத்து நாளில் பூஞ்சை, பின்னால் இறக்கினால் கரண்டி இறங்காத கல். காலையில் நெல்லிக்காய் அளவு ஒரு உருண்டை போதும்.

கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்தவளுக்கும், நெஞ்செரிச்சல் உள்ளவளுக்கும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு கொடுங்கள். கடையில் வாங்கும் பாட்டிலில் மருந்து உரிம எண், தயாரித்த தேதி, சேர்மானங்கள் மூன்றும் அச்சாகியிருக்க வேண்டும். பால் சுரக்க வைக்கும் பொடி என்று விற்பதை அவள் கேட்காமல் வாங்கிக் கொடுக்காதீர்கள். 'உனக்குப் பால் பத்தவில்லை' என்று சொல்லாமல் சொல்வது போல ஆகும்.

லேகியத்தைவிட எங்களுக்குப் பிடித்தது ராத்திரி டப்பா. நள்ளிரவு இரண்டு மணிக்குப் பால் கொடுத்து முடிக்கும்போது வரும் பசி கொடியது, அப்போது யாரையும் எழுப்ப அவளுக்கு மனம் வராது. ஒரே கையால் திறக்கக்கூடிய டப்பாவில் எள்ளுருண்டை, கடலை உருண்டை, பேரீச்சம்பழம், வறுத்த பொட்டுக்கடலை. இரண்டு கடலை உருண்டை, ஒரு டம்ளர் பால், ஒரு முட்டை, ஒரு வாழைப்பழம் சேர்ந்தால் அந்தக் கூடுதல் 600 கலோரியை ஏறக்குறைய எட்டிவிடலாம். செலவு சில நூறு ரூபாய்க்குள் அடங்கும்.

ஆள் உதவி: விலை அதிகம், பலனும் அதிகம்

இரண்டு மூன்று பேர் சேர்ந்து பரிசு கொடுப்பதானால், பொருளை விட்டுவிட்டு ஓர் ஆளின் ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுக்கலாம். தாயையும் பிள்ளையையும் குளிப்பாட்டும் ஆயா, துணி துவைப்பவர், சமையலுக்கு ஒருவர் என்று மூன்று வகை. பலரும் முதலாவதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணி துவைப்பவரே அதிகம் பயன்படுவார் என்பது எங்கள் கருத்து. பிறந்த பிள்ளை முதல் வாரம் கடந்ததும் நாளுக்கு ஆறு தடவைக்கு மேல் சிறுநீர் கழிக்கும், மலம் தனி. துணி லங்கோடு கட்டும் வீட்டில் தினமும் பதினைந்து இருபது சேரும், விரிப்புகள் வேறு. மழைக்காலத்தில் அவற்றைக் காயவைப்பது அதைவிடப் பெரிய பாடு.

ஆயா வைத்தால் சிலவற்றை முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பிள்ளையின் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடக் கூடாது. தலையை உருட்டி வடிவம் பிடிப்பது, பிள்ளையின் மார்பைப் பிதுக்கிப் பால் எடுப்பது இரண்டும் கூடாது. பின்னது சீழ்க்கட்டியில் கொண்டுபோய் விடும். சாம்பிராணிப் புகை பிள்ளையின் நுரையீரலுக்கு ஆகாது. தாய்க்குக் கை, தோள், முதுகு, கால் தேய்த்துவிடுவது இதமாக இருக்கும். சிசேரியன் ஆனவளின் வயிற்றை யாரும் தொடக் கூடாது, காயத்தில் எண்ணெய் படக் கூடாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அதைத் தேய்க்கவே கூடாது. அது ரத்தக்கட்டியாக இருக்கலாம், உடனே மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். வயிறு சுருங்கும் என்று புடவையை இறுக்கிக் கட்டுவதும் பலனற்றது. உள்ளழுத்தம் கூடி, ஏற்கெனவே தளர்ந்த இடுப்படித் தசைகள் இன்னும் தொய்யலாம். சிசேரியனுக்குப் பிறகு இருமும்போது தாங்கலுக்காக மருத்துவர் சொல்லும் தளர்வான பெல்ட் வேறு விஷயம்.

பணமில்லாதவர்கள் நேரத்தைக் கொடுக்கலாம். மூத்த பிள்ளையைப் பள்ளியில் விட்டு அழைத்து வருவது, மருந்து வாங்கி வருவது, பிறப்புச் சான்றிதழுக்கு அலைவது. பால் கொடுத்து முடித்ததும் பிள்ளையை வாங்கிக்கொண்டு, "நீ தூங்கு பாப்பா, இரண்டு மணி நேரம் நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லும் சித்தி ஒருத்தி கிடைத்துவிட்டால் அந்தப் பெண் கொடுத்துவைத்தவள். பக்கத்தில் இருப்பவர்தான் இன்னொன்றையும் கவனிக்க முடியும். மூன்றாம் நாளிலிருந்து காரணமில்லாமல் அழுகை வருவது பலருக்கும் இயல்பு, இரண்டு வாரத்துக்குள் தணிந்துவிடும். அதைத் தாண்டியும் நீடித்தால், பிள்ளை தூங்கும்போதுகூடத் தூக்கம் வரவில்லை என்றால், பிள்ளை மேல் ஒட்டுதலே இல்லை என்று அவள் சொன்னால், உடனே மருத்துவரிடம் கூட்டிப் போக வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

உடுப்பு

துணி என்றால் பட்டுப்புடவையை மறந்துவிடுங்கள். அவளுக்கு வேண்டியது முன்பக்கம் ஜிப் வைத்த பருத்தி நைட்டி, நான்கைந்து. ஒரே நடு ஜிப்பைவிட இரு பக்கமும் மறைவாக ஜிப் வைத்தது மேல். ஆள் வந்து போகும் கூடத்திலும் கூச்சமின்றிப் பால் கொடுக்கலாம். ஜிப்பின் பல் மேல் துணிப்பட்டை மூடியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், இல்லையென்றால் பிள்ளையின் கன்னத்தில் உரசும். ஒரு சைஸ் பெரிதாக வாங்கி, கஞ்சி போக இரண்டு தடவை அலசிக் காயவைத்து, உடனே போட்டுக்கொள்ளும்படி கொடுங்கள். புடவையில் இருந்தே தீர வேண்டிய வீட்டில் சிசேரியன் தையல் மேல் பாவாடை நாடா அறுக்கும். அங்கே எலாஸ்டிக் வைத்த, இடுப்புக்கு மேலே நிற்கும் பாவாடை ஒரு வரப்பிரசாதம்.

உள்ளாடையும் நாப்கினும் பரிசாகக் கொடுக்க எல்லோரும் தயங்குகிறார்கள். அக்கா தங்கை, நெருங்கிய தோழி என்றால் தயங்கவே வேண்டாம். இடுப்புக்கு மேல் வரும் அடர்நிறப் பருத்தி உள்ளாடை ஆறு, நீளமான பெரிய நாப்கின் ஐந்தாறு பாக்கெட். முதல் நாள்களில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒன்று மாற்ற வேண்டியிருக்கும். ஒரே மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுதும் நனைந்தால் அது சாதாரண உதிரப்போக்கு கிடையாது, மருத்துவமனைக்கு ஓட வேண்டும். பாலூட்டும் பிராவை மட்டும் முன்கூட்டி வாங்காதீர்கள். பால் கட்டும் முதல் வாரத்தில் அளவு தாறுமாறாக இருக்கும். மூன்றாம் வாரத்தில் அளவெடுத்து, கம்பி வைக்காததாக வாங்குங்கள்.

கருவிகள்

தண்ணீர் குடித்தால் வயிறு போடும் என்று தாகத்தை அடக்கச் சொல்லும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. பால் கொடுக்க உட்கார்ந்த நிமிடமே தொண்டை வறளும். அதனால் கட்டிலருகே ஒரு தண்ணீர் பாட்டில் சின்னச் செலவில் பெரிய உதவி. மூடியைத் திருகும் பாட்டிலுக்கு இரண்டு கை வேண்டும், அவளிடம் மிச்சம் ஒன்றுதான். பொத்தானை அழுத்தினால் திறந்து, உறிஞ்சிக் குடிக்கும் குழாய் உள்ள ஒரு லிட்டர் பாட்டில் பாருங்கள். சுடுதண்ணீர் ஃபிளாஸ்க் தனி. அது கட்டிலில் இருக்கக் கூடாது, மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு அதிலிருந்து ஊற்றக் கூடாது.

பாலூட்டும் தலையணை சிசேரியன் ஆனவளுக்கும் இரட்டைப் பிள்ளைக்காரிக்கும் உதவும், வயிற்றுக் காயத்தில் பிள்ளையின் எடை விழாது. மற்றவர்களுக்கு வீட்டிலுள்ள இரண்டு தலையணை போதும். உறை கழற்றித் துவைக்கும்படி இருக்க வேண்டும். அதன் மேல் பிள்ளையைத் தூங்க விடக் கூடாது.

பால் பம்ப்பைக் கேட்காமல் வாங்க வேண்டாம். பிள்ளை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாலோ, இரண்டு மூன்று மாதத்தில் அவள் வேலைக்குத் திரும்புவதானாலோதான் அது அவசியம். எப்போதாவது எடுக்கக் கையால் அழுத்தும் பம்ப் போதும். தினமும் எட்டுத் தடவை எடுக்க வேண்டியவளுக்கு இரு பக்கமும் ஒரே நேரத்தில் இழுக்கும் மின் பம்ப் வேண்டும். பம்ப் வலித்தால் பல நேரம் மார்பில் வைக்கும் புனலின் அளவில்தான் கோளாறு. கூடவே வரும் 24 மில்லிமீட்டர் புனல் பலருக்குப் பெரிது. காம்பின் குறுக்களவைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தால் சரி. பால் திரும்பி மோட்டாருக்குள் போகக்கூடிய அமைப்புள்ள பம்ப்பை இன்னொருத்தியிடமிருந்து வாங்கித் தராதீர்கள், உள்ளே சுத்தம் செய்ய வழியில்லை. எடுத்த பால் 25 டிகிரிக்குள் நான்கு மணி நேரம் இருக்கும். நம் ஊர் வெயிலில் அதை நம்பாமல் உடனே குளிர்பெட்டியில் வைத்தால் நான்கு நாள் வரை கொடுக்கலாம்.

அந்தப் பாலைப் பிள்ளைக்குப் புகட்டப் புட்டி வேண்டாம், பாலாடை போதும். ஒரு தடவைக்குப் பத்து மில்லிக்குள் பிடிக்கும் அந்தச் சின்னச் சங்கைக் குறைமாதப் பிள்ளைகளுக்கு மருத்துவமனைகளிலேயே பயன்படுத்துகிறார்கள். வெள்ளிச் சங்கு கொடுக்கும் மரபு இருப்பவர்கள் உட்புறம் வழவழப்பாக, வேலைப்பாடு இல்லாமல் பார்த்து வாங்குங்கள். பூவேலைப்பாட்டின் இடுக்கில் பால் ஏடு தங்கிவிடும். ஒவ்வொரு தடவையும் கழுவிக் கொதிநீரில் போட்டு எடுக்க வேண்டும். அதில் தேன், சர்க்கரைத் தண்ணீர், வசம்பு எதுவும் பிள்ளைக்குக் கூடாது. புட்டிப்பால் மாவையும் பால்புட்டியையும் தாய்மாரிடம் நிறுவனங்கள் இலவசமாகக் கொடுப்பதை 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருக்கிறது. சொந்தக்காரர்களும் அவற்றைப் பரிசாகத் தூக்கிப்போக வேண்டியதில்லை.

பணம்

கொலுசும் அரைஞாணும் பிள்ளைக்குச் சேரும், சீர் என்ற வகையில் அவை இருக்கட்டும். ரொக்கம் நல்ல பரிசுதான், ஆனால் கவரைப் பிள்ளையின் தொட்டிலில் வைத்தால் அது மருத்துவமனை பில்லில் கரைந்துவிடும். தமிழக அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி தாயின் வங்கிக் கணக்கிலேயே போய்ச் சேரும்படி அமைந்திருப்பது சரியான ஏற்பாடு. அதே போல அவள் போன் எண்ணுக்கே அனுப்பி, "இது உனக்கு மட்டும்" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

யாருக்கு எது?

தாய் வீட்டில் ஆள் பலத்தோடு இருப்பவளுக்கு நைட்டியும் ராத்திரி டப்பாவும். தாய் இல்லாதவளுக்கும் தனிக்குடித்தனத்தில் இருப்பவளுக்கும் கேரியரும் துணி துவைக்கும் ஆளும். சிசேரியன் ஆனவளுக்குத் தலையணை, எலாஸ்டிக் பாவாடை, மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள். பிள்ளையை விட அதிகமான எடையை அவள் ஆறு வாரம் தூக்கக் கூடாது. பிள்ளை தீவிர சிகிச்சையில் இருக்கும் வீட்டுக்குப் பம்ப் வாடகையும், மருத்துவமனைக்குப் போய்வர ஆட்டோ செலவும், பெற்றவர்கள் இருவருக்கும் சாப்பாடும்.

பிள்ளை தவறிப்போன வீட்டையும் விட்டுவிடக் கூடாது. அவளும் பிரசவித்தவள்தான். அதே உதிரப்போக்கு, அதே பசி, மூன்றாம் நாள் அதே போல் பால் கட்டும். பத்தியச் சாப்பாடும் நாப்கினும் குளிர் ஒத்தடத்துக்கான பையும் அங்கேதான் அதிகம் தேவை. பால் கட்டி வலித்தால் மருத்துவரிடம் கூட்டிப்போக ஒருவர் இருக்க வேண்டும்.

எப்போது கொடுப்பது என்பதையும் யோசியுங்கள். முதல் வாரத்தில் எல்லாம் குவியும். மூன்றாம் மாதம் புகுந்த வீடு திரும்பும்போது அம்மா கூட இருக்க மாட்டாள், உறவினர் வருகையும் நின்றிருக்கும். இரும்பு மாத்திரையும் கால்சியமும் பல வீடுகளில் அப்போதுதான் நிற்கின்றன. இரண்டையும் ஆறு மாதம் வரை தொடர வேண்டும், வெவ்வேறு நேரத்தில் விழுங்க வேண்டும், இரும்பு மாத்திரையோடு காபி டீ கூடாது. பரிசுக்கென்று எடுத்துவைத்த பணத்தில் பாதியை அந்த மாதத்துக்கு ஒதுக்கி, இரண்டு வாரச் சாப்பாட்டுக்கும் மீதமுள்ள மாத்திரைக்கும் செலவழியுங்கள்.